ஞானம்மா டீச்சர் நடத்திய பள்ளிக்கூடம்

போன மாதம் அட்டனில் ஓர் ஆசிரியர் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைமைப் பொறுப்பைப் பாடசாலையில் உள்ள எல்லா ஆசிரியர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று ஏதோ புதிய சுற்றறிக்கை வந்திருக்கிறதாம்; பழைய தலைமையாசிரியர் ஒருவர் தம் அனுபவத்தைச் சொன்னால் நல்லது என்றார்கள். நானும் போய் அரைமணி நேரம் எதையெதையோ பேசினேன். முடிவில் பின்வரிசையிலிருந்து ஓர் இளம் ஆசிரியை எழுந்தார். பொறுப்பெல்லாம் தாராளமாகத் தருகிறார்கள், பதவி உயர்வு என்று போனால் மட்டும் அந்தப் பத்திரம் எங்கே, இந்தப் பத்திரம் எங்கே என்கிறார்கள், உங்கள் காலத்திலும் இப்படித்தானா என்று கேட்டார். எனக்கு ஞாபகத்துக்கு வந்தது ஒரு பெயர்தான். அந்தப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு உட்கார முடியாதே. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

என் அப்பா அட்டன் கடைவீதியில் சிறிய துணிக்கடை வைத்திருந்தார். இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு வந்த சட்டம், இந்திய வம்சாவளியினரான எங்கள் சனங்களில் பெரும்பாலானவர்களை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக்கியது. பிறகு விண்ணப்பித்துப் பதிவு பெற்ற சிலரில் அப்பாவும் ஒருவர். அந்த ஒரு காகிதத்தால் எனக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. ஆசிரிய கலாசாலையில் இடமும் கிடைத்தது. இரண்டு வருடம் அங்கே நன்றாகப் படித்தேன், நன்றாகச் சாப்பிட்டேன், மனோதத்துவத்தில் முதலாவதாக வந்தேன். ஐம்பதுகளின் நடுவில், இருபத்தாறு வயதில், றொசல்ல ஸ்டேஷனிலிருந்து இரண்டு மைல் மேலே ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியராகப் போனேன்.

ஒரே நீண்ட கட்டடம். தகரக் கூரை. நடுவில் சுவர் கிடையாது. மூன்று வகுப்புகள் மூன்று திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். கட்டடம் தோட்டத்துக்குச் சொந்தம், பதிவேடுகள் கல்வி இலாகாவுக்குச் சொந்தம். என்னையும் சேர்த்து மூன்று ஆசிரியர்கள். பெருமாள் மாஸ்டருக்கு இருபத்திரண்டு வயது, பயிற்சி இல்லை. ஞானம்மா டீச்சருக்கு நாற்பதை நெருங்கியிருந்தது. அவருக்கும் பயிற்சி இல்லை. ஆனால் பதினாறு வருடமாக அதே கட்டடத்தில் பாலர் வகுப்பும் முதலாம் வகுப்பும் எடுத்துக்கொண்டிருந்தவர். அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலேயே பிறந்தவர். புருஷன் சவரிமுத்துவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் வேலை. எனக்கு முன்பிருந்த தலைமையாசிரியர் போய், நான் வரும்வரை, ஏறக்குறைய இரண்டு வருடம் பள்ளிக்கூடத்தை டீச்சர்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் சாவியையும் பதிவேடுகளையும் ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். இரண்டு வார்த்தை நல்லபடியாகச் சொல்லி வாங்கிக்கொண்டிருக்கலாம். நான் எண்ணிச் சரிபார்த்து வாங்கினேன்.

மூன்றாம் நாள் நேரசூசி ஒன்று தயாரித்துச் சுவரில் ஒட்டினேன். கலாசாலையில் கற்ற அத்தனையும் அதில் இருந்தது. பள்ளிக்கூடம் எட்டு மணிக்குத் திறக்கும், அதற்குமுன் யாரும் உள்ளே வரக்கூடாது என்பது முதல் வரி. சாவி என் சட்டைப்பையில்.

மூன்று வாரம் கழித்து ஒருநாள் கீழே ஸ்டேஷன் பக்கம் நான் தங்கியிருந்த அறையில் ஏதோ காரணத்தால் விழிப்பு வந்து வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே மலையேறிவிட்டேன். மழை. பனிமூட்டம் வேறு. பள்ளிக்கூடத்தை நெருங்கியபோது கூரைத் தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே பிள்ளைகள் ஏதோ ராகம் போட்டுச் சொல்வது கேட்டது. போய்ப் பார்த்தேன். பூட்டிய கதவுக்கு முன்னால், சுவரோடு ஒட்டி, பதினொரு பிள்ளைகள் குந்தியிருந்தார்கள். ஞானம்மா டீச்சர் கொழுந்தெடுக்கும் பெண்கள் மழைக்குப் போடும் கம்பளி இரண்டை ஒன்றாக முடிந்து, ஒரு முனையைக் கதவுக் கொண்டியில் கட்டி, மறுமுனையைக் கையால் தூக்கிப் பிடித்தபடி நின்றார். அவருடைய ஒரு பக்கம் முழுக்க நனைந்திருந்தது. பிள்ளைகள் அவர் சொல்லச் சொல்ல வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் எளியது. தாய்மார் ஆறு மணிக்கெல்லாம் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, எந்த மலையில் வேலை என்று கேட்டுக்கொண்டு போய்விட வேண்டும். கைப்பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விடலாம். ஐந்து வயது, ஆறு வயதுப் பிள்ளையை எங்கே விடுவது? போகிற வழியில் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போவார்கள். இத்தனை வருடமும் டீச்சர் வந்து கதவைத் திறந்து உள்ளே உட்காரவைத்திருக்கிறார். நான் வந்து பூட்டிவிட்டேன்.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். நேரசூசி ஒட்டின நாளிலிருந்து என்றார்.

"என்கிட்ட ஏன் சொல்லல டீச்சர்?"

அவர் கம்பளியை இறக்கவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை.

"நீங்க எழுதி ஒட்டினீங்க மாஸ்டர். எங்ககிட்ட கேக்கலையே."

கதவைத் திறந்தேன்.

அந்தச் சனிக்கிழமை அட்டனில் சாவி வெட்டுகிறவரிடம் கொடுத்து இன்னும் இரண்டு சாவி செய்து வந்தேன். ஆளுக்கொன்று. நேரசூசியைக் கிழித்தேன், புதியதை மூவரும் சேர்ந்து எழுதினோம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிள்ளைகள் போனபிறகு முக்கால் மணி நேரம் பாலர் வகுப்பின் குட்டைப் பெஞ்சுகளில் உட்காருவது என்று வைத்துக்கொண்டோம். முதலில் ஒவ்வொருவரும் அந்த வாரத்தில் தமக்குப் பிடிபடாத ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்ற இருவரும் யோசனை சொல்லலாம், ஆனால் குறை சொல்லக்கூடாது. பிறகு அடுத்த வாரப் பொறுப்பு யாருக்கு என்பது. அந்த வாரம் கதவு திறப்பது, மணி, தாய்தகப்பன்மார் வந்தால் பேசுவது, தோட்டத்து ஒப்பீசுக்குப் போவது எல்லாம் அவருடையது. நான் பொறுப்பில்லாத வாரத்தில் நான் வெறும் நாலாம், ஐந்தாம் வகுப்பு வாத்தியார். முதல் இரண்டு மூன்று தடவை இது எனக்குக் கசந்தது. யாராவது வந்து "பெரிய மாஸ்டர் எங்க?" என்று கேட்கும்போது, பெருமாளைக் காட்டிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. பழகியபிறகு பார்த்தால், வேலை குறையவில்லை, தனிமை குறைந்திருந்தது.

இன்னொன்றும் செய்தோம். வாரத்தில் ஒரு பாடம் ஒருவர் மற்றவர் வகுப்பில் போய் உட்கார்ந்து பார்ப்பது. நான் ஞானம்மா டீச்சரின் வகுப்பில் உட்கார்ந்தபோது ஒன்றைக் கவனித்தேன். அவர் அகரத்தில் ஆரம்பிக்கவில்லை. ட, ப, ம என்று எழுத எளிதான எழுத்துகளில் ஆரம்பித்தார். முதல் வாரமே பிள்ளைகள் படம், மடம் என்று எழுதிவிட்டார்கள். இதைத்தான் கலாசாலையில் புதிய முறை என்று எங்களுக்கு ஒரு தவணை முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். படிக்கவில்லையாம். அகரத்தை வளைக்க முடியாமல் அழுத பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து, எது அழாமல் எழுத வருகிறதோ அதை முன்னால் கொண்டுவந்தாராம்.

பாடசாலைகளைச் சோதிக்க வரும் எங்கள் வட்டாரத்து வித்தியாதரிசி யாழ்ப்பாணத்துக்காரர். அவரைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். முன்கூட்டி அறிவிக்காமல் வருவார். ஸ்டேஷனிலிருந்து நடந்தே வருவார். தோட்டத்து வாகனத்தில் ஏறமாட்டார். வாசலில் குடையை மடக்கி, கால்செருப்பின் மண்ணைக் கல்லில் தேய்த்துவிட்டு, யாரோடும் பேசாமல் முதலில் தலைகளை எண்ணுவார். அதன்பிறகுதான் வரவுப் பதிவேட்டைக் கேட்பார். இரண்டும் பொருந்தினால் வணக்கம் சொல்லுவார். தலைமையாசிரியர் நாற்காலியில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை; பிள்ளைகளின் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்து, பையிலிருந்து பென்சிலையும் சிறு கத்தியையும் எடுத்து நிதானமாகச் சீவுவார். சீவி முடியும்வரை நாங்கள் காத்திருக்க வேண்டும். வாசிக்கச் சொல்லும்போது எங்கள் புத்தகத்தைத் தொடமாட்டார். தாமே எழுதிக் கொண்டுவந்த ஒரு தாளை நீட்டுவார். மனப்பாடம் அங்கே செல்லாது.

நாங்கள் முறையை மாற்றியபின் முதல் தடவை வந்தபோது அவர் லாக் புத்தகத்தைத் திறந்தார். பாடசாலையில் அன்றாடம் நடப்பதைத் தலைமையாசிரியர் எழுதிவைக்கும் புத்தகம் அது. பக்கத்தைப் புரட்டினார், நின்றார், பின்னால் புரட்டினார்.

"இதென்ன மாஸ்டர், மூண்டு பேர்ர கையெழுத்துக் கிடக்கு?"

பொறுப்பில் இருக்கிறவர் அந்த வாரத்துக்கு எழுதுவார் என்று விளக்கினேன். இதில் தலைமையாசிரியர் தவிர வேறு யாரும் எழுதக்கூடாது, பிழை வந்தால் ஒருவரைத்தான் கேட்க முடியும் என்றார். பிழை வந்தால் என்னைக் கேளுங்கள், ஆனால் நடந்ததைக் கண்ணால் பார்த்தவர் எழுதினால்தானே சரியாக இருக்கும் என்றேன். அவர் கண்டிப்பு ஒன்றை அந்தப் பக்கத்திலேயே அழகான எழுத்தில் பதிந்தார். பிறகு எழுந்துபோய் முதலாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் தாளை நீட்டினார். அது வாசித்தது. இன்னொன்றிடம் நீட்டினார். அதுவும் வாசித்தது. கடைசி வரிசைவரை போனார். திரும்பி வந்து, இந்த வகுப்பை எடுக்கிறவர் எத்தனை வருடமாகப் பயிற்சி இல்லாமல் இருக்கிறார் என்று கேட்டார். பதினேழு என்றேன். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மாதம் அவரிடமிருந்து ஒரு படிவம் வந்தது. நீண்டகாலச் சேவையுள்ள ஆசிரியர் ஒருவரைக் கலாசாலைக்குச் சிபார்சு செய்யலாம். படிவத்தின் நாலாவது கட்டம் பிரஜாவுரிமைப் பத்திர இலக்கம்.

சவரிமுத்துவும் டீச்சரும் வருடக்கணக்குக்கு முன்னரே விண்ணப்பித்திருந்தார்கள். விசாரணைக்கு நுவரெலியாவில் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குக் கூப்பிட்டார்கள். நானும் போனேன், பழைய வரவுப் பதிவேடுகளைச் சுமந்துகொண்டு. அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். சிங்களத்தில் கேட்டார், நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். டீச்சர் இந்தத் தீவை விட்டு ஒருநாளும் போனதில்லை என்பதற்குப் பதிவேடுகள் இருந்தன. ஆனால் விண்ணப்பம் புருஷன் பெயரில். தகப்பன் செத்ததற்கு இந்தியா போன சவரிமுத்து, சொத்துத் தகராறு, காய்ச்சல் என்று சட்டம் அனுமதித்ததைவிட அதிக மாதம் தங்கிவிட்டிருந்தார். காய்ச்சலுக்குக் காகிதம் இருக்கிறதா என்று கேட்டார் அதிகாரி. காகிதம் இல்லை.

மறுப்புக் கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. டீச்சர் நின்றபடி வாசித்தார். அரைநாள் லீவு எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். மணி அடித்துவிட்டது என்று சொல்லி, கடிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். அன்று முழுக்க ஒரு சின்னப் பெண் காரணம் தெரியாமலே அவர் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தது. அவர் தடுக்கவில்லை.

நான் நாலாவது கட்டத்தை வெறுமையாக விட்டு, பின்பக்கத்தில் டீச்சரின் சேவையைப் பற்றி ஒரு பக்கம் நிறைய எழுதி அனுப்பினேன். தபாலில் திருப்பி அனுப்பியிருக்கலாம். வித்தியாதரிசி தாமே நடந்து வந்து கொடுத்தார். மேலிடத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்கள், பரிசீலிக்க முடியாது என்று. அவர் என்னைத் தனியே கூட்டிப்போய், இந்தப் பாடசாலைக்கு ஒரு இடம் ஒதுக்கியாயிற்று, வேறு பெயர் தராவிட்டால் அது வேறு பாடசாலைக்குப் போய்விடும் என்றார். பெருமாளுக்குப் பிரஜாவுரிமை உண்டு என்பது அவருக்குத் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை யாரும் எந்தப் பிள்ளையைப் பற்றியும் பேச ஆரம்பிக்கவில்லை. இடத்தை விட்டுவிடுவோம், அநியாயத்துக்கு நாம் கையெழுத்துப் போடவேண்டாம் என்றேன் நான். பெருமாள் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். டீச்சர் இருவரையும் பார்த்தார்.

"இடம் பள்ளிக்கூடத்துக்கு வந்தது மாஸ்டர். நான் போக முடியலன்னா பெருமாள் மாஸ்டர் போகட்டும். இந்த மலையில படிச்ச வாத்தியார் ஒருத்தர் கூடுறது நல்லதா, கெட்டதா?"

பெருமாளின் கண்கள் கலங்கிவிட்டன. "எனக்கு வெக்கமா இருக்கு டீச்சர்" என்றார்.

"வெக்கப்பட நேரமில்ல. உங்களுக்குப் பின்னக் கணக்கு வராது. திங்கக்கிழமையிலேருந்து காலையில ஆறரைக்கு வாங்க."

அப்படியே நடந்தது. காலைகளில் நான் போகும்போது, ஒரு பக்கம் பாலர் வகுப்புப் பிள்ளைகள் விளையாட, மறுபக்கம் இருபத்துமூன்று வயது ஆசிரியர் சிலேட்டில் பின்னம் போட்டுக்கொண்டிருப்பார். நுழைவுப் பரீட்சையில் தேறினார். கலாசாலைக்குப் புறப்பட்ட அன்று டீச்சர் அவருக்குச் சவரிமுத்துவின் நல்ல கம்பளிச் சட்டையைக் கொடுத்தார். அந்த இரண்டு வருடம் மூன்று பேர் வேலையை நாங்கள் இரண்டு பேர் செய்தோம். ஒருநாள்கூட அதைப் பற்றி டீச்சர் பேசவில்லை. பெருமாள் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவருடைய குறிப்புப் புத்தகங்களை வாங்கி, ஒரு வாரத்துக்குள் வாசித்து முடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்படிப் பார்த்தால் அவரும் கலாசாலைப் படிப்பை முடித்தவர்தான்; பத்திரம் மட்டும் இல்லை.

பெருமாள் திரும்பி வந்த மறுவருடம் எனக்கு வலப்பனையில் ஒரு பெரிய பாடசாலைக்குத் தலைமையாசிரியராகப் பதவி உயர்வு வந்தது. எனக்குச் சந்தோஷம் வந்தது உண்மை. அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் திண்டாடியதும் உண்மை. நான் போனால் பயிற்சி பெற்ற பெருமாள்தான் தலைமையாசிரியர். இலாகாவின் வழக்கம் அது.

பொறுப்பை மாற்றிக்கொடுக்க வித்தியாதரிசி வந்தார். தலைகளை எண்ணினார், பதிவேட்டைப் பார்த்தார், வணக்கம் சொன்னார். பெருமாள் எழுந்து நின்று, ஞானம்மா டீச்சர் பொறுப்பில் இருக்கட்டும், தாம் அவருக்குக் கீழே வேலை செய்யத் தயார் என்றார்.

"ஆர் பொறுப்பெண்டு நீங்கள் தீர்மானிக்கிறதோ?" என்றார் வித்தியாதரிசி.

"தீர்மானிக்கல ஐயா. எங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்றோம்."

அவர் பென்சிலை எடுத்துச் சீவத் தொடங்கினார். அவ்வளவு நேரம் அவர் சீவி நான் பார்த்ததில்லை. பிறகு பையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்து, ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்து, விரலால் கோடு போல ஓட்டி வாசித்தார். தலைமையாசிரியர் நியமிக்கப்படும்வரை சேவையில் மூத்தவர் பொறுப்பாக இருக்கலாம் என்றிருந்தது. பயிற்சி பற்றியோ பிரஜாவுரிமை பற்றியோ அந்த வரியில் ஒன்றுமில்லை. லாக் புத்தகத்தைத் திறந்து, பேனாவால், திருமதி ஞானம்மா சேவைமூப்பின்படி இன்று முதல் பொறுப்பேற்கிறார் என்று எழுதினார். கீழே தம் கையெழுத்தைப் போட்டுவிட்டு, புத்தகத்தை டீச்சர் பக்கம் திருப்பிவைத்தார்.

"நியமனம் கேட்டு நான்தான் மேல எழுதவேணும்," என்றார் எழுந்துகொண்டே. "எனக்கு இப்ப கனக்க வேலை கிடக்கு."

ஐந்து வருடம் வித்தியாதரிசிக்கு வேலை அதிகமாகவே இருந்தது. அவர் ஓய்வு பெற்றுப் போகும்வரை அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வேறு தலைமையாசிரியர் வரவில்லை. ஞானம்மா டீச்சரும் பெருமாளும் அதை நடத்தினார்கள். ஆறாம் வகுப்பு தொடங்கினார்கள். அதிலிருந்து அட்டன் பாடசாலைகளுக்குப் பிள்ளைகள் போனார்கள். அவர்களில் இருவர் பிற்காலத்தில் என்னிடமே ஆசிரியர்களாக வந்து சேர்ந்தார்கள். ஆனால் டீச்சரின் பதவி உதவி ஆசிரியை என்றே இருந்தது. புதிய வித்தியாதரிசி வந்தார். புதிய தலைமையாசிரியரும் வந்தார். நல்ல மனிதர்தான். டீச்சர் பாலர் வகுப்புக்குத் திரும்பிப் போனார்.

அறுபதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை காலை டீச்சரும் சவரிமுத்துவும் பஸ்ஸில் வலப்பனைக்கு வந்தார்கள். அவர்களுடைய மகனுக்குப் பொல்பிட்டியவில் மின்சார நிலையக் கட்டட வேலை கிடைத்திருந்தது. சவரிமுத்துவுக்கு நெஞ்சில் சளி. ஸ்டோர்த் தூசியில் இனி வேலை செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மூவரும் அங்கே போகப் போகிறார்கள். வேலைக்காரர்களின் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு சிறு பள்ளிக்கூடம் தொடங்க ஆள் தேடுகிறார்களாம். சேவைச் சான்றிதழ் ஒன்று வேண்டும். தோட்டத்தில் கொடுத்ததில் உதவி ஆசிரியை என்று ஒரே வரிதான் இருந்தது.

நான் என் மேசையில் உட்கார்ந்து எழுதினேன். என் மனைவி அவர்களுக்கு இடியாப்பம் பரிமாறிக்கொண்டிருந்தார். மனம் நிறைந்து எழுதினேன். பதவியையும் பலனையும் எதிர்பாராத தியாக உள்ளம் என்று எழுதும்போது என் கண்ணே கலங்கியது. கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு வரியாக வாசித்தார். பிள்ளைகளின் கொப்பியை வாசிப்பது போலவே வாசித்தார். ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இந்தத் தியாகத்த எடுத்துருங்க மாஸ்டர்."

"ஏன் டீச்சர்? உண்மைதானே?"

"கையில இருக்கறதக் குடுத்தாத்தான் தியாகம். எனக்குத்தான் ஒண்ணுமே குடுக்கலையே. நான் எத விட்டுக்குடுத்தேன்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சவரிமுத்து தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்து, வேலை எனக்குப் பிடித்தது, செய்தேன், அதை எழுதுங்கள் என்றார்.

புதிய தாள் எடுத்தேன். அழகான சொற்கள் எல்லாம் போய்விட்டன. இவர் பதினாறு வருடம் சிறு பிள்ளைகளுக்கு எழுதவும் வாசிக்கவும் கற்றுக்கொடுத்தார், பின்னர் என்னோடு சேர்ந்து ஒரு பாடசாலையை நடத்தினார், அதன்பின் ஐந்து வருடம் பொறுப்பிலிருந்து அதை நடத்தினார், தலைமையாசிரியர் பதவிக்கு எல்லா வகையிலும் தகுதியானவராக இருந்தார், அந்தப் பதவி இவருக்குக் கொடுக்கப்படவில்லை என்று எழுதி, என் பெயரையும் பதவியையும் போட்டு, முத்திரை குத்தினேன். கடைசி வரியை இலாகாவில் யாராவது பார்த்தால் எனக்குக் கேள்வி வரும் என்று தெரியும். டீச்சருக்கும் தெரியும். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப சரியா இருக்கு" என்றார்.

பதினொரு மணி பஸ்ஸுக்கு அவர்களை ஏற்றிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகும் நான் இருபது வருடத்துக்குமேல் தலைமையாசிரியராக இருந்தேன். எத்தனையோ ஆசிரியர்களுக்குச் சான்றிதழும் பிரியாவிடை வாசகமும் எழுதியிருக்கிறேன். தியாகம் என்ற சொல்லை மறுபடி ஒருவருக்கும் எழுதியதில்லை. பேனா அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம், இவருக்கு நாம் என்ன கொடுக்காமல் விட்டோம் என்று முதலில் யோசிப்பேன்.